நடாலி டு டாய்ட் ஒலிம்பிக்கில் நீந்தியது செயற்கைக் காலோடா?

கேள்வி, 29 ஆகஸ்ட் 2024

பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தொடங்கியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டாய்ட், ஒரு கால் இல்லாதவர், 2008 பெய்ஜிங்கில் பாராலிம்பிக்ஸில் மட்டுமல்ல, ஒலிம்பிக்கிலேயே 10 கிலோமீட்டர் நீந்தினார் என்று போட்டிருக்கிறார்கள். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டுதானே நீந்தியிருப்பார், அதே நாட்டு ஓட்டக்காரர் பிஸ்டோரியஸ் பிளேடு (ஓடுவதற்கான வளைந்த செயற்கைக் கால்) மாட்டி ஓடியது போல? முறையாகத் தகுதி பெற்றாரா, இல்லை பாவம் பார்த்து ஒரு இடம் கொடுத்தார்களா? 16-ஆவதாக வந்தவருக்கு இத்தனை கொண்டாட்டம் எதற்கு என்றும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

29 ஆகஸ்ட், இரவு 9.40

மாட்டவில்லை. ஒலிம்பிக்கானாலும் பாராலிம்பிக்ஸானாலும் நீச்சலில் செயற்கைக் கை, கால் எதையும் மாட்டிக்கொண்டு இறங்க முடியாது. கரையில் கழற்றி வைத்துவிட்டு, இருக்கிற உடம்போடுதான் தண்ணீருக்குள் போக வேண்டும்.

பாவம் பார்த்தும் இடம் கொடுக்கவில்லை. 2008 மே மாதம் ஸ்பெயினில் செவில் நகரத்தில் திறந்த நீர் நீச்சலுக்கான (குளத்தில் இல்லாமல் ஏரி, கடலில் நீந்துவது) உலகப் போட்டி நடந்தது. பெண்கள் 10 கிலோமீட்டரில் முதல் 10 இடத்துக்குள் வந்தால் பெய்ஜிங்கில் இடம் உறுதி. டு டாய்ட் நான்காவதாக வந்தார். உலகத்தில் நான்காவதாக வந்த நீச்சல்காரிக்கு யார் எதற்குப் பாவம் பார்க்க வேண்டும்?

அந்த 16-ஆவது இடத்தையும் சரியாகப் பாருங்கள். 2008 ஆகஸ்ட் 20, பெய்ஜிங்கின் ஷுன்யி படகுப் போட்டி ஏரி, களத்தில் 25 பேர். தங்கம் வாங்கிய ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோ எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 59 நிமிடம் 27.7 வினாடி. டு டாய்ட் 2 மணி 0 நிமிடம் 49.9 வினாடி. இரண்டு மணி நேர நீச்சலில் உலகச் சாம்பியனுக்கும் இவருக்கும் இடைவெளி ஒரு நிமிடம் 22 வினாடிதான். அவருக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் இரண்டு கால் இருந்தது.

29 ஆகஸ்ட், இரவு 11.15

கால் எப்படிப் போனது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கேப் டவுன்காரர், 1984-இல் பிறந்தவர். விபத்துக்கு முன்பே அவர் நாட்டு அணியில் இருந்தவர், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிக்கு 14 வயதில் போனார். 2000 சிட்னி ஒலிம்பிக் கொஞ்சத்தில் கை நழுவியது. 2001 பிப்ரவரியில், காலைப் பயிற்சி முடித்து ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் திரும்பும்போது கார் ஒன்று மோதியது. இடது கால் நசுங்கியது. டாக்டர்கள் சில நாள் காலைக் காப்பாற்றப் போராடினார்கள், முடியவில்லை. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். தொடை எலும்பில் டைட்டானியம் கம்பி வைத்தார்கள். அப்போது வயது 17.

மூன்று மாதத்தில் திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார், செயற்கைக் காலில் நடக்கப் பழகுவதற்கு முன்பே.

நம் பத்திரிகைகளில் இந்த இடம் வந்ததும் "விதியை வென்ற வீராங்கனை" என்று தலைப்புப் போட்டுவிட்டு, அதோடு அந்தப் பெண் என்ன நீந்தினார், எவ்வளவு நேரத்தில் நீந்தினார் என்பதைச் சொல்லாமலே கட்டுரையை முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஆறவே ஆறாது. நாளைக்கு அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

30 ஆகஸ்ட், காலை 6.50

சரி, நீச்சலுக்கு வருகிறேன். இதை என் உடம்பை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். எனக்கு இடது காலில் போலியோ. சின்ன வயதில் வந்தது. கரையில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), கைத்தடி. நீந்தக் கற்றுக்கொண்டது திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, சித்தப்பா மேலே படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள.

முதலில் நேராகப் போகவே வராது. வலது கால் மட்டும் உதைப்பதால் இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பும், நான் கிணற்றுக்குள் வட்டம் அடித்துக்கொண்டிருப்பேன். என் வயசுப் பையன்கள் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து விளையாடும்போது நான் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருவேன். சித்தப்பா எந்தக் கோச்சிடமும் படித்தவர் இல்லை, ஆனால் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "நல்ல காலை அதன் பக்கத்தில் வைத்து அடிக்காதே, நடுவுக்குக் கொண்டு வா." அதைச் செய்ததும் உடம்பு நேரானது. அப்போதிலிருந்து அந்தக் கால் எனக்குச் சுக்கான் மாதிரி, வேகம் முழுக்க தோளிலிருந்தும் கையிலிருந்தும்தான் வரும்.

பல வருஷம் கழித்து யூடியூபில் டு டாய்ட் நீந்துவதைப் பார்த்தபோது நான் முகத்தையோ கையையோ பார்க்கவில்லை, அந்த வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவுக்கு வந்து வந்து போனது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஃப்ரீஸ்டைலில் உந்துசக்தியில் பெரும்பங்கு கையுடையது. தூரம் கூடக் கூட கால் உதையின் வேலை குறைந்து, உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் நேராக வைப்பதோடு நின்றுவிடும். இரண்டு காலும் உள்ள நெடுந்தூரக்காரர்களே மெதுவாகத்தான் உதைப்பார்கள், காலில் பெரிய தசை, அதை ஓயாமல் ஓட்டினால் மூச்சு அத்தனையையும் அது தின்றுவிடும். 50 மீட்டரில் அந்தச் சிக்கனம் உதவாது, அங்கே காலும் கையும் முழு வேகத்தில் அடிக்க வேண்டும். அதாவது ஒரு கால் இல்லாதவருக்கு நஷ்டம் அதிகம் 50 மீட்டரில், குறைவு 10 கிலோமீட்டரில். தூரத்தைக் கேட்டால் தலைகீழாகத் தோன்றும்.

இதோடு குளத்தில் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சுவரை மிதித்துத் திரும்ப வேண்டும். 800 மீட்டரில் 15 திருப்பம். ஒவ்வொன்றிலும் மற்றவர்கள் இரண்டு காலால் சுவரைத் தள்ளிப் பாய்வார்கள், இவர் ஒற்றைக் காலால். ஏரியில் சுவர் கிடையாது.

30 ஆகஸ்ட், மதியம்

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான கண்ணி விட்டுப்போனது, இந்த இழை முழுவதும் அதில்தான் தொங்குகிறது என்று நினைக்கிறேன்.

பாராலிம்பிக்ஸில் டு டாய்ட்டுக்கு இருந்த மிக நீளமான போட்டி 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அதற்கு மேல் கிடையாது. 800 இல்லை, 1500 இல்லை, திறந்த நீர் இல்லை. அவருடைய பலமோ 800-க்கு மேல். இப்போது யோசியுங்கள், அந்தப் பெண் ஒலிம்பிக்குக்குப் போனது எதற்காக? "நானும் அவர்களுக்குச் சமம்" என்று காட்டத்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய தூரம் அங்கேதான் இருந்தது. 10 கிலோமீட்டர் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2008-இல்தான், முதல் தடவையாக. அதற்கு முன் ஏதென்ஸ் 2004-க்கும் முயன்றார், குளத்துப் போட்டியில் தகுதி கிடைக்கவில்லை. 10 கிலோமீட்டர் வந்ததும் முதல் வாய்ப்பிலேயே தகுதி பெற்றுவிட்டார்.

நம் ஊரில் 12 வயதில் குற்றாலீஸ்வரன் 1994-இல் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தபோது இதே மாதிரி கேட்டார்கள், இந்தப் பையன் ஏன் குளத்தில் நீந்தி மெடல் வாங்கக்கூடாது என்று. கடல் நீச்சல்காரனுக்குக் கடல்தான் வேண்டும்.

30 ஆகஸ்ட், மாலை

கீழே ஒருவர் "ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மாற்றுத்திறனாளி இவர்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜார்ஜ் ஐசர் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் மரக்காலோடு ஆறு பதக்கம் வாங்கினார், அதில் மூன்று தங்கம். ஹங்கேரியின் கரோய் தகாச் வலது கையை வெடிகுண்டில் இழந்து, இடது கையால் சுடப் பழகி 1948-லும் 1952-லும் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார். பெய்ஜிங்கிலேயே போலந்தின் நடாலியா பார்டிகா, வலது முன்கை இல்லாதவர், டேபிள் டென்னிஸ் ஆடினார்.

டு டாய்ட்டுக்கு உரிய முதல் வேறு. 2008-இல் ஒலிம்பிக், பாராலிம்பிக்ஸ் இரண்டின் தொடக்க விழாவிலும் தன் நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரே ஆண்டில் இரண்டு கொடியையும் ஏந்திய முதல் ஆள் அவர்தான்.

31 ஆகஸ்ட்

பிஸ்டோரியஸை இதில் இழுக்காதீர்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் கேள்வியிலேயே அவர் பெயர் இருக்கிறது. அவருடைய வழக்கே வேறு. பிளேடு அவருக்குக் கூடுதல் உதவி தருகிறதா என்பதுதான் அங்கே சண்டை. 2008 மே மாதம் விளையாட்டுத் தீர்ப்பாயம் அவர் ஓடலாம் என்று சொன்னது, ஆனால் பெய்ஜிங்குக்குத் தேவையான நேரத்தை அவர் எட்டவில்லை, 2012 லண்டனில்தான் ஓடினார். டு டாய்ட் விஷயத்தில் யாரும் தீர்ப்பாயத்துக்குப் போகவில்லை. அவரிடம் கூடுதலாக எதுவுமில்லை, குறைவுதான் இருந்தது. ஒரே வருஷம், ஒரே நாடு, இரண்டு பேர், உலகப் பத்திரிகை முழுக்க ஒருவர் பின்னால் ஓடியது.

31 ஆகஸ்ட், இரவு

மான்செஸ்டர் 2002 பற்றி எழுதாமல் தூங்க முடியாது.

விபத்து நடந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, வயது 18. அந்தக் காமன்வெல்த் போட்டியில்தான் முதல் தடவையாக மாற்றுத்திறனாளிகளின் போட்டிகளையும் நாடுகளின் பதக்கப் பட்டியலில் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எல்லா வகையினரும் ஒன்றாக நீந்துவார்கள். கண் தெரியாதவர், கை இல்லாதவர், கால் இல்லாதவர் எல்லோரும் ஒரே ஹீட்டில் (தகுதிச் சுற்றில்). யார் முதலில் சுவரைத் தொட்டார் என்று பார்க்க மாட்டார்கள், அவரவர் வகையின் உலகச் சாதனைக்கு யார் அதிகம் நெருங்கினார் என்று சதவீதம் போட்டுப் பதக்கம் கொடுப்பார்கள். டு டாய்ட் எஸ்9 வகை. (உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை, எண் கூடக் கூட குறைபாடு குறைவு.) 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் உலகச் சாதனையோடு தங்கம்.

அதே வாரத்தில் பொதுப் பிரிவு 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஹீட்டில் நீந்தி இறுதிப் போட்டிக்குள் போனார். இரண்டு காலும் உள்ளவர்களோடு, எந்தச் சதவீதக் கணக்கும் இல்லாமல். 15 திருப்பத்தையும் ஒற்றைக் காலால் மிதித்து. இறுதியில் எட்டாவது. அந்தப் போட்டிகளின் சிறந்த வீரருக்கான டேவிட் டிக்சன் விருதை முதன்முதலாக ஏற்படுத்தியதும் அந்த வருஷம்தான், அதை இவருக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்த எட்டாவது இடம் 16-ஆவது இடத்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது. ஏரியில் தண்ணீர் அவர் பக்கம் இருந்தது. இங்கே குளமே எதிரி.

1 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, எட்டாவது, பதினாறாவது என்றே பேசுகிறீர்களே, தங்கம் வாங்கியது கணக்கில்லையா?"

ராத்திரி முழுக்க இதுதான் மண்டையில் ஓடியது. நியாயமான கேள்வி. ஏதென்ஸ் 2004-இல் ஐந்து தங்கம், ஒரு வெள்ளி. பெய்ஜிங் 2008-இல் ஐந்து தங்கம். லண்டன் 2012-இல் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. மொத்தம் 13 தங்கம், 2 வெள்ளி. இதை இவ்வளவு தூரம் கழித்துத்தான் எழுதுகிறேன் என்றால், இரண்டு கால்காரர்களின் போட்டியை மேலேயும் நம் போட்டியைக் கீழேயும் வைக்கிற பழக்கம் எனக்குள்ளும் எங்கோ ஊறிக்கிடக்கிறது. காலிப்பர் போட்டு நடக்கிற எனக்குள்ளேயே.

அந்த ஐந்து தங்கத்தைத் தண்ணீர்க் கணக்கில் பார்க்கலாம். பெய்ஜிங்கில் ஆகஸ்ட் 20-ஆம் தேதி இரண்டு மணி நேர நீச்சல். செப்டம்பரில் அதே ஊரில் அரை நிமிடத்தில் முடிகிற 50 மீட்டர். நடுவில் சில வாரம்தான். மாரத்தான் ஓடுகிறவரை அதே மாதத்தில் 100 மீட்டர் ஓடச் சொன்னால் ஓடுவாரா? இவர் 50, 100, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 100 பட்டர்ஃபிளை, 200 மெட்லி (நான்கு வகை நீச்சலும் கலந்தது) ஐந்தையும் வென்றார். அதிலும் பட்டர்ஃபிளை. இரண்டு காலும் சேர்ந்து வால்போல அடிக்க வேண்டிய நீச்சல் அது. நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், இடுப்பு மேலே வரவே வராது. ஒற்றைக் காலால் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை மூன்று பாராலிம்பிக்ஸிலும் வென்றவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் 16-ஆவது இடத்தைப் பற்றியே நான் எழுதிக்கொண்டிருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஆனாலும் தம்பி, அந்த எட்டாவது இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

1 செப்டம்பர், இரவு

"பெய்ஜிங்கில் 16-ஆவது வந்ததற்கே அழுதிருப்பார் சந்தோஷத்தில்" என்று ஒருவர். அதுவும் தப்பு. அவருக்குத் திருப்தியே இல்லை. முதல் ஐந்துக்குள் வர வேண்டும் என்று நினைத்துப் போனவர். போட்டி நடுவே நீச்சல் தொப்பி வேறு கழன்று தொல்லை கொடுத்தது.

அந்தப் போட்டியைப் பார்த்தால் எங்கே இழந்தார் என்று தெரியும். திறந்த நீரில் முக்கால்வாசி தூரம் எல்லோரும் கூட்டமாகவே போவார்கள். முன்னால் போகிறவர் காலடியில் ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பு மிச்சம். அந்தக் கூட்டத்துக்குள் முழங்கை இடிக்கும், கால் உதைக்கும், மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள். உடம்பு சாய்ந்தால் நிமிர்த்த இரண்டு கால் இருப்பவரைவிட ஒரு கால் இருப்பவருக்குக் கூடுதல் நேரம் ஆகும். சாப்பாடும் அந்த ஓட்டத்திலேயேதான், மேடையில் நிற்கிற கோச் நீளக் கம்பின் நுனியில் குவளையை வைத்து நீட்டுவார், மல்லாந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் காலை உயிர்ப்பிப்பார்கள், அதுவரை சும்மா இழுபட்டு வந்த கால் அப்போது படபடவென்று அடிக்கும். இல்சென்கோ ஜெயித்ததே அப்படித்தான், பிரிட்டனின் கெரி-ஆன் பெய்னும் கசாண்ட்ரா பேட்டனும் பெரும்பாலான தூரம் முன்னால் இழுத்துக்கொண்டு போக, பின்னாலேயே இருந்துவிட்டுக் கடைசி மீட்டர்களில் தாண்டிவிட்டார். அந்த இடத்தில் ஒற்றைக் காலோடு பதில் சொல்வது கஷ்டம். நான் முதல் நாள் எழுதிய ஒரு நிமிடம் 22 வினாடியில் பாதிக்குமேல் இந்தக் கடைசிப் பாய்ச்சலிலும் மிதவைத் திருப்பங்களிலும் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. மறுநாள் ஆண்கள் 10 கிலோமீட்டரில் தங்கம் வாங்கிய நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். அவருக்கும் 2001-இல்தான் நோய் வந்தது. அந்த ஏரியில் அந்த இரண்டு நாள் நடந்ததை எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது.

3 செப்டம்பர்

இவர் இந்தியாவுக்கு வந்திருக்கிறார் தெரியுமா? 2003-இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி. பொதுப் பிரிவில் 800 மீட்டரில் வெள்ளி, 400 மீட்டரில் வெண்கலம். அதே வருஷம் நைஜீரியாவின் அபுஜாவில் அனைத்து ஆப்பிரிக்கப் போட்டியில் பொதுப் பிரிவு 800 மீட்டரில் தங்கம். 2003-இல் நானும் ஹைதராபாத் பக்கம் வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரே ஊரில் இருந்தும் இப்படி ஒருவர் நீந்துகிறார் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் எப்படியாவது போய் அந்தக் கேலரியில் உட்கார்ந்திருப்பேன்.

4 செப்டம்பர்

நீச்சல்குளத்தில் விடமாட்டேன் என்றார்கள் என்று கோயம்புத்தூர் நண்பர் எழுதியிருப்பதைப் படித்தேன். எனக்கும் நடந்தது. வேலை மாறி ஒரு ஊருக்குப் போனபோது அங்கே இருந்த குளத்தில் மாதச் சந்தா கட்டப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் காலைப் பார்த்தார், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார், "சார், உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நான் 20 அடி ஆழக் கிணற்றில் நீந்தி வளர்ந்தவன், உங்கள் குளம் என் தோள் உயரம்கூட இல்லை என்று சொன்னேன். டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுபோனேன். அப்புறம் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு நீச்சலே தெரியாது, அவனிடம் எந்தச் சர்ட்டிபிகேட்டும் கேட்கவில்லை.

நம் நாட்டின் முதல் தனிநபர் பாராலிம்பிக் தங்கமே நீச்சலில் வந்ததுதான். மகாராஷ்டிரத்துக்காரர் முரளிகாந்த் பெட்கர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர், 1965 போரில் குண்டுகள் பாய்ந்து, ஒன்று முதுகெலும்பிலேயே தங்கிவிட்டது. 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 வினாடியில் உலகச் சாதனையோடு நீந்தித் தங்கம் வாங்கினார். பத்மஸ்ரீ கொடுத்தது 2018-இல். 46 வருஷம்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் இன்னும் கவுன்டரில் நின்று சர்ட்டிபிகேட் காட்டிக்கொண்டிருக்கிறோம். கேப் டவுனில் மூன்று மாதத்தில் ஒரு பெண் தண்ணீருக்குத் திரும்பினார் என்றால் அவருடைய மனவுறுதி ஒரு பக்கம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குளமும், பழைய மாதிரியே பயிற்சி கொடுக்க ஒரு கோச்சும் இருந்தார்கள் என்பது இன்னொரு பக்கம். கரோய் வான் டோரோஸ் என்று அந்தக் கோச்சின் பெயர். இதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

5 செப்டம்பர்

லண்டனுக்குப் பிறகு என்ன ஆனார் என்ற கேள்விக்கு: 2012-ஓடு நீச்சலை நிறுத்திக்கொண்டார், 28 வயதில். 2010-இல் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான லாரியஸ் என்ற உலக விளையாட்டு விருது வாங்கியிருந்தார். லண்டனில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை ஆஸ்திரேலியாவின் எல்லி கோல் எடுத்துக்கொண்டார், சின்ன வயதில் புற்றுநோயால் காலை இழந்தவர், அதே எஸ்9 வகை. டு டாய்ட்டுக்கு வெள்ளி. ஆனால் 400 மீட்டரில் அப்போதும் டு டாய்ட்தான் முதல். தூரம் கூடினால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது என்பதைக் கடைசிப் போட்டிவரை காட்டிவிட்டுத்தான் போனார்.

8 செப்டம்பர்

சேலத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு. உங்கள் மகளுக்கு லாரி விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்ததையும், தண்ணீருக்குப் போக அவளே ஆசைப்படுவதையும் படித்தேன். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

காயம் முழுக்க ஆறிவிட்டது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்ல வேண்டும், அதற்கு முன் குளம் வேண்டாம். தண்ணீரைவிட ஆபத்து குளத்தைச் சுற்றியுள்ள ஈரத் தரை. ஒற்றைக் காலில் குதித்துப் போக விடாதீர்கள், அடியில் ரப்பர் நன்றாக உள்ள ஊன்றுகோலோடு ஓரம்வரை போய், அங்கேயே உட்கார்ந்து இறங்கட்டும். செயற்கைக் காலைத் தண்ணீர் படாத இடத்தில் ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். முதலில் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்ளட்டும், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில்தான் அவளுக்கே பிடிபடும். பிறகு கை வீச்சு. உதை கடைசியில், நல்ல காலை நடுவுக்குக் கொண்டு வரச் சொல்லி. டியூப், மிதவை எதையும் காலில் கட்டாதீர்கள், கால் மேலே போய்த் தலை கீழே போகும்.

கோச் "பாவம், மெதுவாகச் செய்யட்டும்" என்று ஓரத்தில் விளையாட விட்டுவிட்டால் வேறு கோச் பாருங்கள். மற்றப் பிள்ளைகளை என்ன வேலை வாங்குகிறாரோ அதை அவளிடமும் வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், மாநில அளவில் பாரா நீச்சல் போட்டி நடக்கிறது, அதற்கு அது தேவைப்படும், வகைப்படுத்துவதும் நடக்கும்.

போட்டி என்று வந்தால் நம் ஊரில் எல்லோரும் முதலில் 50 மீட்டரில்தான் போடுவார்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்று. அதில் பின்தங்கினால் இவளுக்கு நீச்சல் வராது என்று யாரும் முடிவு கட்ட விடாதீர்கள். நிற்காமல் நீந்துகிற அளவுக்கு வந்ததும் ஒரு நாள் 400 மீட்டர் நீந்தவிட்டு நேரம் குறியுங்கள். முதல் நூறு எவ்வளவு, கடைசி நூறு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.